பெண் மூஸ் மேயும் இடத்தில் காத்திருங்கள்: கிராண்ட் டீட்டனில் மூஸ் கொம்புகளைப் படமெடுக்கும் முறை

செப்டம்பர் மாதத்தின் பிற்பகுதியில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குப் படக்கருவியோடு வருகிற பெரும்பாலோர் தேடுவது மூஸ் என்னும் பெரிய மானின் கொம்பை. புதர்க்காட்டின் மேல் தட்டுப்போல அகன்ற வெளிறிய கொம்பு ஏதாவது பளிச்சிடுகிறதா என்று ஆற்றங்கரை நெடுகக் கண்களை ஓட்டிக்கொண்டே செல்வார்கள். ஓர் ஆண் மூஸ் கண்ணில் பட்டுவிட்டால் அது போகும் திசையெல்லாம் பின்னாலேயே நடப்பார்கள். மாலையில் அறைக்குத் திரும்பிப் பார்த்தால், நினைவட்டை முழுவதும் ஒரு பெரிய விலங்கின் பின்புறமாகவே இருக்கும். என் முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் வழி எளியது: முதலில் பெண் மூஸைத் தேட வேண்டும், அது மேயும் இடத்துக்கு எட்டத்தில் நின்று காத்திருக்க வேண்டும். இணைசேரும் பருவத்தில் முதிர்ந்த ஆண் மூஸ் இரண்டு வாரம் வரை ஏறக்குறைய உண்பதே இல்லை. பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுவும் இருக்கும். பெண்ணோ வழக்கம்போல மேய்ந்து, படுத்து, அசைபோட்டு, அதே வில்லோ புதர்க்கூட்டத்தைச் சுற்றியே நாளைக் கழிக்கிறது. ஆகவே ஆணைத் துரத்துகிறவருக்குக் கிடைக்காத கொம்பு, பெண்ணருகே பொறுமையாகக் காத்திருப்பவருக்குக் கிடைக்கும்.

மான் குடும்பத்திலேயே உருவில் பெரியது மூஸ். ஐரோப்பாவில் இதே விலங்கை எல்க் என்கிறார்கள்; அமெரிக்காவில் எல்க் என்பது வேறொரு மானின் பெயர். பயணக் குறிப்புகளைப் படிக்கும்போது இந்தப் பெயர்க் குழப்பத்தை மனத்தில் கொள்ள வேண்டும். டீட்டன் பகுதியில் இருப்பது ஷிராஸ் என்னும் துணையினம். வட அமெரிக்க மூஸ்களில் உருவில் சிறியது இதுதான் என்றாலும், முதிர்ந்த ஆணின் எடை 400 கிலோவை எட்டும்; தோள் மட்டுமே ஒரு சராசரி மனிதரின் உயரத்துக்கு நிற்கும். அலாஸ்காவின் மூஸ்களில் ஒன்றரை மீட்டரைத் தாண்டி விரிந்த கொம்புகளைக் காணலாம். இங்கே ஒரு மீட்டரை ஒட்டிய விரிவு இருந்தாலே அதை நல்ல கொம்பு என்பார்கள். இருந்தாலும் நான் டீட்டனையே பரிந்துரைக்கிறேன். சாலையிலிருந்தே பார்க்கக்கூடிய திறந்த வெளி, பின்னணியில் மலைத்தொடர், ஒரே ஆற்றுப் படுகையில் ஆண்டுதோறும் கூடும் விலங்குகள் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த இடங்கள் அதிகம் இல்லை.

காலமும் இடமும்

இணைசேரும் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை நீடிக்கிறது. செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் அதன் உச்சம். ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரங்களின் இலைகள் மஞ்சளாக மாறுவதும் இதே நாட்களில்தான். கதிரவன் ஏழே கால் மணியளவில் எழும். அதற்கு அரை மணி நேரம் முன்பே நீங்கள் இடத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் குளிர்காலத்துக்கான தடித்த மயிர்ப்போர்வை ஏற்கெனவே வளர்ந்துவிட்ட இந்த விலங்கு வெயிலைத் தாங்காது. வெயில் ஏறியதும் நிழலுக்குள் சென்று படுத்துவிட்டால் மாலை வரை கொம்பின் நுனிகூடத் தெரியாமல் போகலாம். பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், விடியற்காலை உறைநிலைக்குக் கீழே போவது இந்தப் பருவத்தில் சாதாரணம்.

ஒரே ஓர் இடத்தைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் குரோ வான்ட் ஆற்றைச் சொல்வேன். ஜாக்சன் நகருக்கு வடக்கே நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து கெல்லி என்னும் சிற்றூருக்குச் செல்லும் சாலையின் வலப்புறம் ஆறும் காட்டன்வுட் தோப்பும் வில்லோ புதர்களும் தொடர்ந்து வருகின்றன. இடப்புறம் சேஜ் புதர்கள் நிறைந்த சமவெளியும், அதற்கு அப்பால் மேற்கே டீட்டன் மலைத்தொடரும் தெரிகின்றன. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் ஒளியைப் பற்றிய திட்டம் தானாகவே அமைந்துவிடும். காலையில் ஆற்றுப்பக்கம் நோக்கினால் ஒளி எதிரிலிருந்து வரும். மூஸ் விடும் மூச்சு ஆவியாய் ஒளிரும், கொம்பின் விளிம்பு தங்கக் கோடாய்த் தெரியும். அதே காலையில் சமவெளிப்பக்கம் திரும்பினால் விலங்கின் மீதும் மலையின் மீதும் நேரொளி விழும். மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடுவதால், கடைசி ஒரு மணி நேர ஒளி என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு போகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். மூஸ்–வில்சன் சாலையிலுள்ள சாமில் குளங்கள், ஷ்வாபாக்கர் படித்துறை, ஆக்ஸ்போ வளைவு ஆகியவையும் பார்க்கத் தக்க இடங்கள்தாம். ஆனால் மூன்று நாட்களே கையில் உள்ளவர் நான்கு இடங்களுக்கும் அலைவதைவிட, குரோ வான்டில் மூன்று காலைகளையும் செலவிடுவது நல்லது. முதல் காலையில் எந்தப் பெண் மூஸ் எந்தப் புதர்க்கூட்டத்தில் மேய்ந்தது என்று குறித்துக்கொண்டால், இரண்டாம் காலை இருட்டில் எங்கே போய் நிற்பது என்ற கேள்வி எழாது.

அங்கே காதும் ஒரு கருவி. பெண் மூஸ் நீட்டி முழக்கிய முனகலாக அழைக்கும்; ஆண் ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை, தொண்டைக்குள்ளிருந்து குறுகிய உறுமலாகப் பதில் சொல்லிக்கொண்டே நடக்கும். காய்ந்த பலகையைப் புதரில் தேய்ப்பதுபோன்ற சரசரப்புக் கேட்டால், ஆண் ஒன்று தன் கொம்பைக் கிளைகளில் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த ஒலிகளை நாமே எழுப்பி விலங்கை வரவழைப்பதற்குப் பூங்காவில் தடை உண்டு. டிரோன் பறக்கவிடுவதும் 2014 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் அனைத்திலும் தடைசெய்யப்பட்டுள்ளது.

கொம்பை அறிந்துகொள்ளுதல்

எதைப் படமெடுக்கிறோம் என்று தெரியாமல் எடுக்கும் கொம்புப் படம் தட்டையாகவே அமையும். சென்னைக் கிண்டியில் புள்ளிமானையும் வெளிமானையும் அருகருகே பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது: வெளிமானின் முறுக்குக்கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பது, புள்ளிமானின் கிளைக்கொம்பு விழுந்து விழுந்து முளைப்பது. மூஸின் கொம்பு இரண்டாவது வகை. அது முழுக்க எலும்பு. ஆணுக்கு மட்டுமே உண்டு. வசந்தத்தில் முளைவிட்டு, கோடையின் உச்சத்தில் நாளொன்றுக்கு 2 சென்டிமீட்டர் வரைகூட வளர்ந்து, ஆகஸ்ட் இறுதிக்குள் முழு உருவம் பெறுகிறது. வளரும் காலம் முழுவதும் இரத்த நாளங்கள் நிறைந்த, மயிரடர்ந்த மென்தோல் அதைப் போர்த்தியிருக்கும். வெல்வெட் என்று வழங்கும் அந்தத் தோல் செப்டம்பர் தொடக்கத்தில் காய்ந்து உரியும்போது, ஓரிரு நாட்களுக்குக் கொம்பு குருதிச் சிவப்பாகத் தொங்கும் கந்தல்களோடு காட்சியளிக்கும். பிறகு எலும்பின் வெளிர் நிறம் தெரியவரும். புதர்களிலும் மரப்பட்டைகளிலும் உரச உரச, அவற்றின் சாறு ஏறி நாளுக்கு நாள் பழுப்பாகும். ஆக, ஒரே விலங்கை செப்டம்பர் 5ஆம் தேதி எடுத்த படத்திலும் 25ஆம் தேதி எடுத்த படத்திலும் கொம்பின் நிறம் வேறுவேறாக இருக்கும். பழுப்பேறிய கொம்புதான் எனக்குப் பிடிக்கும். கரிய உடலோடு அது ஒட்டி நிற்கிறது, வெண்மை மட்டும் தனியே துருத்துவதில்லை.

கொம்பின் கிளைகளை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்று சாலையோரத்தில் உறுதியாகப் பேசும் ஒருவரை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். அது உண்மையன்று. ஓராண்டு ஆண் மூஸ் சிறு கூர்முனையோ கவையோ தாங்கியிருக்கும், முழு வளர்ச்சியடைந்த ஆணுக்குத் தட்டு அகன்றிருக்கும், முதுமையில் கொம்பு மீண்டும் சிறுக்கும் என்ற அளவுக்குத்தான் கணிக்க முடியும். ஒருபக்கக் கொம்பு கோணலாக இருந்தால், மென்தோல் பருவத்தில் அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு. அத்தகைய கோணல் கொம்பை ஒதுக்காதீர்கள். பத்துப் பேர் எடுத்த படங்களுக்கு நடுவே உங்கள் படத்தில் இருப்பது எந்த விலங்கு என்று அதுவே சொல்லிவிடும்.

படத்துக்கான கோணங்களில் முழுப் பக்கவாட்டு நிலை உடலை நன்றாகக் காட்டும்; ஆனால் கொம்பின் விரிவை ஒரு பலகையின் அளவுக்குச் சுருக்கிவிடும். நேர்முகமாக நிற்கையில் விரிவு தெரியும், தட்டின் ஆழம் தெரியாது. தலை சற்றே திரும்பி, ஒரு தட்டின் குழிந்த உட்புறமும் மற்றொன்றின் விளிம்பும் தெரிகிற முக்கால் கோணமே கொம்புக்கு உகந்தது. விலங்கை நாம் திருப்ப முடியாது என்பதால் அந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். பெண் முனகும்போது ஆண் தலையைத் தூக்கித் திருப்பும். வேறோர் ஆண் வருகையில் தலையைத் தாழ்த்தி, கொம்பை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிக் காட்டும். பெண்ணின் சிறுநீரை முகர்ந்தபின் மேலுதட்டைச் சுருட்டிக் கழுத்தை நீட்டும்போது கொம்பு பின்னோக்கிச் சாய்ந்து, தட்டு முழுவதும் வானொளியை வாங்கும். இந்த மூன்று தருணங்களிலும் விரல் பொத்தானின் மேல் இருக்க வேண்டும். கைகளைக் கொண்டு சொல்வதானால், உங்கள் இரு உள்ளங்கைகளையும் காதுகளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன் தலையைத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் என்ன மறைகிறது என்பது ஒரு நிமிடத்தில் விளங்கும். பார்ப்பவர் சிரிக்கலாம், பாதகமில்லை.

தொலைவும் லென்ஸும்

மூஸிலிருந்து குறைந்தது 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி; கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம். இணைசேரும் பருவத்தில் 23 மீட்டர் என்பது சட்டத்தின் எல்லையே தவிரப் பாதுகாப்பின் எல்லையன்று. மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய விலங்குக்கு அந்தத் தொலைவைக் கடக்க இரண்டு நொடிகள் போதும். நான் 60 மீட்டருக்குக் குறையாமல் நிற்க முயல்கிறேன். அது படத்துக்கும் நல்லது என்பதைக் கணக்கே காட்டும். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) உணரி கொண்ட படக்கருவியில் 400 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், 25 மீட்டர் தொலைவில் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 2.25 மீட்டர்தான், இரண்டரை மீட்டருக்கும் நீளமான மூஸின் உடல் அதில் அடங்காது. 60 மீட்டரில் அதே லென்ஸ் 5.4 மீட்டர் அகலத்தையும், 600 மி.மீ. லென்ஸ் 3.6 மீட்டர் அகலத்தையும் காட்டும். முழு உடலும், அதைச் சுற்றிக் கொஞ்சம் புதரும், தலையைத் திருப்பினால் கொம்பு வெட்டுப்படாத அளவுக்கு இடமும் கிடைப்பது அந்தத் தொலைவில்தான்.

தெளிவின் ஆழத்தைப் பொறுத்தும் இதே முடிவுக்குத்தான் வருகிறோம். 600 மி.மீ. லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 5.6 அளவில் வைத்து (எண் கூடினால் துளை சுருங்கும்) 25 மீட்டரிலுள்ள கண்ணில் குவித்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 60 சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு மீட்டர் விரிந்த கொம்பு சாய்வாக நின்றால் கிட்டத்து முனையோ எட்டத்து முனையோ மங்கிவிடும். 50 மீட்டரில் அது 2.3 மீட்டராகிறது, கண்ணும் இரு கொம்புகளும் தெளிவாக அமைந்துவிடும். நெருங்கிப் போகிறவர் துளையை எஃப் 11 வரை சுருக்க வேண்டியிருக்கும், அதற்கான ஒளியோ விடியற்காலையில் கிடைக்காது. ஆகவே நீண்ட லென்ஸ் நமக்குப் பயன்படுவது எட்டத்தில் நிற்பதற்காகவே. அதற்கு விலையுயர்ந்த 600 மி.மீ. ஒற்றைக் குவியத்தூர லென்ஸ் வேண்டியதில்லை. 100–400 அல்லது 150–600 மி.மீ. சூம் லென்ஸ் ஒன்று போதும். எதிர்பாராமல் விலங்கு நம் பக்கமாகத் திரும்பி நடந்து வரும்போது சுருக்கிக்கொள்ள முடிவதால் சூம் லென்ஸே இங்கு நடைமுறைக்கு ஏற்றது.

கரிய உடலும் வெளிறிய கொம்பும்

மூஸ் படங்களில் அடிக்கடி நேரும் பிழை வெளுத்துப்போன கொம்பு. காரணம் எளிது. கிட்டத்தட்டக் கருமை என்று சொல்லத்தக்க அடர்பழுப்பு உடல் சட்டத்தை நிரப்பும்போது, படக்கருவியின் ஒளிமானி காட்சியே இருண்டிருப்பதாக எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. உடல் சாம்பல் நிறமாகிறது, வெயில் படும் கொம்போ நுண்கோடுகள் எல்லாம் அழிந்து வெள்ளைத் தகடாகிவிடுகிறது. விலங்கு சட்டத்தை நிறைத்திருந்தால் ஒளியளவை மூன்றில் இரண்டு பங்கு முதல் ஒரு நிறுத்தம் (ஸ்டாப்; ஒளியைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும் அளவு) வரை குறைத்து வையுங்கள். அதே விலங்கு மஞ்சள் புல்வெளியில் சிறிதாக நின்றால் குறைக்கத் தேவையில்லை. பனி விழுந்த காலையில் எதிர்மாறாக ஒரு நிறுத்தம் கூட்ட வேண்டியிருக்கும். இந்தக் கூட்டல் கழித்தலில் குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது, ஒளி நிலையாக இருக்கும்போது எல்லாவற்றையும் கையாலேயே அமைத்துவிடுங்கள் என்பதுதான். வெயில் படும் கொம்பை வைத்து ஒரு சோதனைப் படம் எடுத்து, ஒளி மிகுந்த பகுதிகளைச் சுட்டும் எச்சரிக்கை மின்னாத அளவுக்கு அமைத்துக்கொண்டால், அதன்பின் விலங்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அளவு மாறாது. தாழ்ந்த காலை வெயிலுக்கு எஃப் 6.3, நொடியில் 1/1000, ஐஎஸ்ஓ (உணரியின் ஒளியுணர்திறன்) 800 என்று தொடங்கலாம். கதிரவன் எழுமுன் அதே துளையில் 1/250, ஐஎஸ்ஓ 6400 வரை போக நேரும். போகத் தயங்காதீர்கள். குறுணை தெரியும் படத்தைப் பின்னர் ஓரளவு சீராக்கலாம், அசைந்துபோன கொம்பைச் சீராக்க வழியில்லை. உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் உடலின் இருட்டிலிருந்து மயிரின் விவரங்களைப் பின்னர் மீட்கலாம். ஆனால் மூஸ் கரிய விலங்கு என்பதை மறந்து, அதைச் செம்பழுப்புப் பசுவாக்கிவிடும் அளவுக்கு வெளிச்சமேற்றுவது வேண்டாம்.

குவியம் கண்ணில் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த விதி. மூஸின் கண் சிறியது, கரிய முகத்தில் அதுவும் கரியது. விலங்கின் கண்ணைக் கண்டறியும் புதிய கருவிகள்கூடச் சில வேளை கொம்பின் முனையையோ முன்னே நிற்கும் வில்லோ குச்சியையோ பற்றிக்கொள்ளும். புதருக்குள் நிற்கும் விலங்குக்கு ஒற்றைப் புள்ளிக் குவியத்துக்கு மாறி, கண்ணுக்கு மேலே கொம்பு தொடங்கும் அடிப்பகுதியில் வையுங்கள். அங்கே நிற மாறுபாடு இருப்பதால் கருவி தடுமாறாது, கண்ணும் ஏறத்தாழ அதே தொலைவில் உள்ளது.

பின்னணியைக் கவனிக்க நேரம் ஒதுக்குங்கள். இலையுதிர்ந்த கிளைகளுக்கு முன் கொம்பு நின்றால், எது கிளை எது கொம்பு என்று பார்ப்பவருக்கே தெரியாது. இருண்ட ஊசியிலை மரங்களோ, நிழலில் இருக்கும் மலைச்சரிவோ, மஞ்சள் இலைகளின் மங்கிய திரையோ பின்னால் அமையும்படி நான்கடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றாலே படம் வேறாகிவிடும். முழந்தாளிட்டுத் தாழ்ந்து எடுத்தால் கொம்பு வானில் எழும்பி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் முழந்தாளிட்டிருப்பவர் எழுந்து ஓடுவதற்கு ஆகும் நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் காருக்குப் பக்கத்தில் மட்டுமே அப்படிச் செய்வேன்.

விலங்கின் மனநிலையைப் படித்தல்

மூஸுக்குப் பார்வை அவ்வளவு கூர்மையன்று. செவியும் மூக்கும் மிகக் கூர்மை. அகன்ற தட்டுக்கொம்பு ஒலியைக் காதுப்பக்கம் குவித்துத் தருகிறது என்றுகூட 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகையால் ஒளிந்து ஒளிந்து நெருங்கும் வேட்டைக்கார உத்தி இங்கே பயனற்றது, ஆபத்தானதும்கூட. திறந்த வெளியில், விலங்கு நம்மை முன்கூட்டியே அறிந்துகொள்ளும்படி, அமைதியாக ஒரே இடத்தில் நிற்பதே முறை. அது மேய்வதையோ அசைபோடுவதையோ நிறுத்தாத வரை நாம் இருக்கும் தொலைவு சரியானது. தலையை உயர்த்தி நம்மையே உற்றுப் பார்த்தால், அந்தப் பார்வையைப் படமாக்கும் ஆசை எழும் முன் இரண்டடி பின்வாங்குங்கள். காதுகள் பின்னோக்கி மடங்குதல், பிடரி மயிர் சிலிர்த்தல், உதட்டை நக்குதல், தலையைத் தாழ்த்தி நேராக நம் பக்கம் நடத்தல் ஆகியவை பாய்ச்சலுக்கு முந்தைய அறிகுறிகள். பாய்ந்துவிட்டால் ஓட வேண்டும். கரடி எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது முரணாகத் தோன்றும். மூஸ் நம்மை இரையாகக் கருதித் துரத்துவதில்லை, தன் இடத்திலிருந்து விரட்டவே பாய்கிறது. பருத்த மரத்துக்கோ காருக்கோ பின்னால் போய்விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். கீழே தள்ளிவிட்டால் உடலைச் சுருட்டி, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, அது விலகும் வரை அசையாமல் கிடக்க வேண்டும்.

ஆணைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் பெண்ணை மறந்துவிடுவது வழக்கம். வசந்தத்தில் பிறந்த கன்று இன்னும் தாயோடுதான் திரியும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நாம் நின்றுவிடக் கூடாது. அதேபோல ஆணுக்கும் அது காவல் காக்கும் பெண்ணுக்கும் நடுவிலும் நிற்கக் கூடாது. மூன்று விலங்குகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த பிறகே முக்காலியை ஊன்றுங்கள். ஒரு விலங்கு எங்கே போயிற்று என்று தெரியாவிட்டால், அது தெரியும் வரை கண்ணைப் படக்கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு ஆண்கள் சந்திக்கும்போது பெரும்பாலும் சண்டை நிகழ்வதில்லை. விறைத்த நடையில் இணையாக நடந்து, கொம்பைச் சாய்த்துக் காட்டி, சிறியது ஒதுங்கிவிடும். இளம் ஆண்கள் கொம்பைக் கோத்து மெல்லத் தள்ளிப் பார்ப்பது பழக்கச் சண்டை. அதை அமைதியாகப் படமெடுக்கலாம். சம வலிமையுள்ள இரண்டு பெரிய ஆண்கள், ஒரே பெண்ணுக்காக, தலையை ஆட்டிக்கொண்டே நெருங்குகின்றனவென்றால் நிலைமை வேறு. அவை மோதிக்கொள்ளும் வேகத்தில் முப்பது நாற்பது மீட்டர் நிலத்தை உழுதுகொண்டே நகரும். தோற்றது எந்தத் திசையில் ஓடும் என்று அதற்கே தெரியாது. ஆகவே மோதல் தொடங்குமுன் நம் தொலைவை இரட்டிப்பாக்கிக்கொண்டு, சூமைச் சுருக்கி, ஷட்டரை 1/1600க்கு ஏற்றி, குவியத்தைப் பரந்த பகுதிக்கு மாற்றி வைக்க வேண்டும். ஏழெட்டுப் படங்களாகச் சிறு சிறு தொடர்களில் எடுங்கள்; பொத்தானை அழுத்தியே வைத்திருந்தால் கருவியின் இடைநினைவகம் நிரம்பி, கொம்புகள் பிரியும் அந்த நொடியில் படக்கருவி திணறி நிற்கும். கொம்புகள் மோதும் கணத்தைவிட, பிடி இறுகித் தசைகள் புடைத்து இரண்டு தலைகளும் தரையோடு நிற்கும் கணமே படமாக நன்றாக அமைகிறது என்பது என் எண்ணம்.

சிறு நடைமுறைகள்

சாலையோரத்தில் மூஸ் தெரிந்தால் கார்கள் குவியும். நான்கு சக்கரங்களும் பாதையை விட்டு விலகி நிற்கும்படி காரை நிறுத்துங்கள். வழிநடத்தும் பூங்காத் தொண்டர்களின் சொல்லைத் தட்டாதீர்கள். காருக்குள்ளிருந்தே எடுப்பதானால் சன்னல் விளிம்பில் பயறு நிரப்பிய சிறு பையை வைத்து லென்ஸைத் தாங்கச் செய்து, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வெப்பமூட்டிய காரிலிருந்து லென்ஸைத் திடீரெனக் குளிருக்குள் நீட்டினால், அதன் முன்னேயே காற்று அலையாடிப் படங்கள் கலங்கும். எனவே கருவிகளைப் பின்பெட்டியின் குளிரிலேயே வைத்திருங்கள். திரும்பி அறைக்குப் போகும்போது பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் உள்ளே ஈரம் படியாது. மாற்று மின்கலம் உள்சட்டைப் பையில், உடல் சூட்டில் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு மேல் சேஜ் சமவெளியில் கானல் எழும்பத் தொடங்கும். அதன்பின் 60 மீட்டரிலும் கூர்மை கிடைக்காது, தேநீர் குடிக்கப் போகலாம். இது கிரிஸ்லி கரடிகளும் நடமாடும் பகுதி; ஆகவே கரடிகளை விரட்டும் மிளகுத் தெளிப்பானைப் பைக்குள் புதைத்து வைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இலையுதிர்கால விடுமுறை கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பருவம் முடிந்து நவம்பரில் பனி விழுந்ததும், சில வாரங்களுக்கு முன் மோதிக்கொண்ட அதே ஆண்கள் பகை மறந்து, பிட்டர்பிரஷ் என்னும் புதரை மேய்வதற்காகக் குரோ வான்ட் சாலையோரச் சமவெளியில் ஒன்றாகக் கூடுகின்றன. ஒரே சட்டத்தில் நான்கைந்து கொம்புகள், முனை உடைந்தவையும் விளிம்பு சிதைந்தவையுமாக, வெண்பனிப் பின்னணியில் கிடைக்கும் காலம் அது. பூங்காவுக்குள் எல்க் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த அனுமதிக்கப்படும் வேட்டையும் அந்த நாட்களில் நடப்பதால், ஆரஞ்சு நிற மேற்சட்டை அணிந்து செல்லுங்கள். டிசம்பரிலிருந்து பெரிய ஆண்கள் கொம்பை உதிர்க்கத் தொடங்கும். ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் மட்டும் எஞ்சிய தலையோடு இரண்டொரு நாள் திரியும் மூஸும் கண்ணில் படலாம். உதிர்ந்த கொம்பைப் பூங்காவிலிருந்து எடுத்துச் செல்வது குற்றம். பனியில் அது கிடக்கும் இடத்திலேயே, தாழ்ந்த பக்கவொளியில், அருகண்மை (மேக்ரோ) லென்ஸால் எடுங்கள். மென்தோல் காலத்தில் இரத்த நாளங்கள் ஓடிய தடங்கள் தட்டின் மேல் ஆற்று வரைபடம்போலப் பள்ளம் பள்ளமாகத் தெரியும். சுண்ணாம்புச் சத்துக்காக எலிகளும் முள்ளம்பன்றிகளும் அதைக் கொறிக்கும் என்பதால், அடுத்த கோடையில் அதே இடத்துக்குப் போனால் பற்தடங்கள் பதிந்த விளிம்பையும் படமெடுக்கலாம்.